நூல் வாங்கப் போனவர்

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை கடைக்குப் போனால் வீட்டுக்கு மூன்று தரம் போன் எடுப்பார். கடைக்குள் நுழைந்ததும் ஒருமுறை, சாமானை வாங்கியதும் ஒருமுறை, தெருமுனை திரும்பும்போது ஒருமுறை. கடை என்ன காத தூரமா? லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் தெருவிலிருந்து தமிழ்க் கடைக்கு நடந்தால் ஆறு நிமிடம். வாங்கப் போனது ஒரு கட்டுக் கறிவேப்பிலை. "வந்திட்டன்", "வெளிக்கிட்டிட்டன்", "முடக்கில நிக்கிறன்." செய்தி இவ்வளவுதான். அவருடைய மனைவி போனை மேசையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமலேயே "ஓம், ஓம்" என்று சொல்லியபடி வெங்காயம் வெட்டுவதை என் குசினி யன்னலால் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

தன்னோடு நின்றாலும் பரவாயில்லை. அடுத்தவர் வீட்டு ஆட்களுக்கும் அவர் காவல். என் கணவர் ஒரு சனிக்கிழமை முடி வெட்டப் போய், அங்கே யாரையோ கண்டு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணை எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னவர், போன் எடுத்தவரா, எந்த வழியாகப் போனவர் என்று விசாரணை. "அவர் என்ன பால்குடியோ அண்ணை, வருவார்தானே" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் கழித்து என் கணவர் வந்து சேரும்வரை அந்த மனிதர் தூறலுக்குள் அங்கேயே நின்றார். வந்தவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மன்னாரில் பேசாலைக்காரர். ஊரில் வள்ளங்களின் இன்ஜின் திருத்தியவர். லண்டனில் ஒரு கராஜில் கார் திருத்தினார். கட்டையான ஆள், அகன்ற கை, நகத்துக்குள் எப்போதும் கறுப்பு. ஜாக்கெட் பையில் ஒரு நூற்பந்து இருக்கும். சணல் நூல். எதையும் கட்டுவார். எங்கள் வேலிக் கதவு, என் பிள்ளையின் சைக்கிள் கூடை, ஒருமுறை என் காரின் முன் பம்பர், எல்லாம் அந்த நூலால் கட்டுப்பட்டு நின்றன. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். சனிக்கிழமைகளில் ஹரோவில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பிழை பிடிப்பது என் தொழில். அப்படிப்பட்ட நான் விட்ட பெரிய பிழையொன்று இந்தக் கதைக்குள் வருகிறது. மறைக்காமல் சொல்கிறேன்.

அண்ணையிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மழை வந்தாலும் ரயில் பிந்தினாலும், மீன் வாங்கினாலும் மீன் நாறினாலும், "ஒரு ஊர் இருக்கு தங்கச்சி" என்று தொடங்குவார்.

அந்த ஊருக்கு வெளியிலிருந்து வர ரோட்டு இல்லையாம். சீமெந்தோ கிழங்கோ மோட்டார்ச் சைக்கிளோ, எதுவானாலும் ஆற்றால் வரவேண்டும், இல்லாவிட்டால் ஆகாயத்தால் வரவேண்டும். ஆனால் தெரு முழுக்க ஓட்டோ. "ரோட்டு இல்லாத ஊரில ஓட்டோ எங்க போறது?" என்று நான் மடக்கினேன். "எங்கயும் போகாது. ஊருக்குள்ளயே சுத்தும்" என்றார், ஏதோ அதுதான் உலகத்திலேயே புத்தியான ஏற்பாடு என்பதுபோல. சுற்றிவரக் காடு. நாலு திசையும் காடு. ஆறு வற்றினால் ஒரு பனையளவு கீழே போய்விடும், பெருகினால் படியேறி வரும். பள்ளத்துப் பக்கத்து வீடுகள் மரக்குற்றிகளின் மேல் மிதப்பவை. தண்ணீர் ஏற வீடும் ஏறும், இறங்க வீடும் இறங்கும். ஒரு கயிறும் ஒரு கம்பமும்தான் பிடிமானம். அரை வருஷம் வாசலில் இறங்கினால் சேறு. அரை வருஷம் வாசலில் இறங்கினால் தோணி.

மேட்டில் பழைய ரப்பர்ப் பணக்காரர்களின் மாளிகைகள், சுவரெல்லாம் நீல ஓடு பதித்தவை. கடல் கடந்து துண்டுதுண்டாகக் கொண்டுவந்து பூட்டிய ஓர் இரும்பு வீடும் உண்டு. "அந்த வெயிலுக்கு இரும்பு வீடு. விசரனுகள்" என்று சிரிப்பார். பின்னேரம் மழை தகரத்தில் விழத் தொடங்கினால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. கதைத்துக்கொண்டிருப்பவர் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாராம். அதைச் சொல்லும்போது அவரும் பாதியில் நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலால் எங்கேயோ பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"பட்டிக்காடு எண்டு நினைக்காதையுங்கோ, தலைநகரம்" என்பார். அந்தப் பிராந்தியத்துக்கே அதுதான் அரசாங்கக் கச்சேரி, அதுதான் வழக்குப் பேசும் கோடு, அதுதான் பெரிய கோயில். ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் படகில், தூளி கட்டிப் படுத்துக்கொண்டு சனம் வருமாம். கையெழுத்துக் கிடைத்தாலும் உடனே திரும்பாதாம். ஆற்றங்கரை வீதியில் நடந்து, வாழைப்பழம் சுட்டுச் சாப்பிட்டு, இரண்டு நாள் நின்றுதான் போகுமாம்.

ஊரின் பெயரைக் கேட்டேன். "பேர் மறந்துபோச்சு" என்று குனிந்து என் காருக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஓட்டின் நிறம் ஞாபகம் இருக்கிற ஆளுக்கு ஊரின் பெயர் மறக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். டிவியில் எதையோ பார்த்துவிட்டுக் கதை விடுகிறார் என்றே நானும் நினைத்தேன். அவர் மனைவிக்கு அந்த ஊர் என்றாலே ஆகாது. பேசாலை என்ற ஊரே இந்த மனுசனின் வாயில் வருவதில்லை, கட்டினவளுக்கே தெரியாத ஓர் ஊரைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று என்னிடம் வந்து முறையிடுவா.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஆனி மாதம், ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்த புனிதரான ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு அண்ணை ஒவ்வொரு வருஷமும் சோற்றுப் பொதி செய்து எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்துக்குக் கொண்டுவருவார். மஞ்சள் போட்ட சோறு, நடுவில் ஒரு துண்டுக் கோழி, பாதி அவித்த முட்டை, ஒரு ஒலிவ் காய். வாழையிலையில் உருண்டையாகச் சுற்றி, மேலே குடுமிபோல் சேர்த்து நூலால் கட்டி, இன்னொருமுறை அவித்து எடுப்பார். அந்த உருண்டை, அரசன் வெட்டுவித்த அருளப்பரின் தலையாம். பூசை முடிந்து பசியோடு வரும் சனத்துக்கு நூலை அவிழ்த்ததும் வரும் அந்த வாசம் போதும். இரண்டு மூன்று வருஷத்தில் மற்ற மன்னார் வீடுகளும் செய்யத் தொடங்கின. மன்னாரிலேயே இன்னோர் ஊரான வங்காலைச் சனம் அதைப் பேசாலை வழக்கம் என்று நினைத்தது. பேசாலைச் சனம் அதை வங்காலை வழக்கம் என்று நினைத்தது. தெரியாது என்று சொல்ல இரண்டு ஊருக்கும் வெட்கம்.

யாழ்ப்பாணத்தாளான எனக்கு எது தெரியும்? பங்கின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். மன்னார்க் கத்தோலிக்கரின் தொன்மையான மரபு என்றேன். ஒலிவ் காய் ஒலிவ மலையைக் குறிக்கிறது என்றேன். மன்னாரில் ஒலிவ் எங்கே காய்க்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எழுத வந்தவுடன் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அதில் இன்னொன்றும் எழுதினேன். அண்ணை எப்போதும் ஒரு பொதியைச் சிவப்பு நூலால் கட்டி, மேசையின் கடைசியில் அவிழ்க்காமல் வைப்பார். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சனத்துக்கு அதைக் கேட்கத் தேவையில்லை. முதலில் அதைப் பார்த்துச் செய்தவ திரேசக்கா. கடைசிச் சண்டையில் காணாமல் போன மகனுக்காகத் தானும் ஒரு பொதியைச் சிவப்பு நூலால் கட்டி அண்ணையின் பொதிக்குப் பக்கத்தில் வைத்தா. அடுத்த வருஷம் நாலு பொதி. அதற்கடுத்த வருஷம் மேசையின் அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. 'வராதவர்களுக்கான பொதி' என்று தலைப்புப் போட்டு, அழுதுகொண்டுதான் அந்தப் பகுதியை எழுதினேன். அண்ணை மலரை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆனியில் பேசாலையிலிருந்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். பொதியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எழுபது வருஷம் அங்கே இருந்தேன், இப்படியொரு சாமானைக் கண்டதில்லையே என்றார். ஐயாவுக்கு மறந்துபோச்சு என்று எல்லாரும் சேர்ந்து அவரை அடக்கிவிட்டார்கள். ரீச்சர் எழுதியிருக்கிறா, பாருங்கோ என்று மலரையும் காட்டினார்கள். பாவம், அந்த மனிதர் என் கட்டுரையை மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, இருக்கலாம், இருக்கலாம் என்று இரண்டாவது பொதியை எடுத்தார். 

மறுநாள் மலரைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணையின் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனேன். இது எந்த ஊர் வழக்கம், உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். அவர் ஒரு காபரேற்றரைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, துடைத்து, கடதாசியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அது இக்கீட்டோஸ், தங்கச்சி. பெரு நாட்டில. நான் சொல்லுற ஊர்."

கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவரைக் கொண்டுபோய் அங்கே விட்டிருக்கிறான். கடதாசி வரும், படகு வரும் என்று பதினொரு மாதம். மொழி தெரியாது, கையில் ஒன்றும் இல்லை. தெருவில் நின்றுபோன ஓர் ஓட்டோவைச் சும்மா இருக்க முடியாமல் திருத்திக் கொடுத்திருக்கிறார். அந்த ஓட்டோக்காரர் அவரைத் தன் மிதக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போய், தின்னக் கொடுத்து, மூலையில் ஒரு தூளி கட்டிக் கொடுத்தார். அவருடைய மனைவி சந்தையில் மீன் பொரித்து விற்பவ. பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் அண்ணையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. முதல்நாள் ஒலிவ் காயை அண்ணை கசப்பென்று ஆற்றில் துப்பியதைப் பார்த்து அந்த மனுசி விழுந்து விழுந்து சிரித்தாவாம். அன்றிலிருந்து பகிடிக்கு இவர் சோற்றில் மட்டும் இரண்டு ஒலிவ் வைப்பா.

அருளப்பர் திருநாளுக்கு முதல்நாள் ஊரே ஆற்றில் குளித்து, பொதி கட்டுகிற நாள். அந்த மனுசி பொதி கட்டும்போது நூல் முடிந்துவிட்டது. சந்தையில் வாங்கிவா என்று அண்ணையை அனுப்பினா. நூலை வாங்கிவிட்டு நிற்கும்போது ஏஜென்சியின் ஆள் வந்து கையைப் பிடித்தான். படகு வெளிக்கிடுகிறது, ஒருவருக்கும் சொல்லாதே, இப்போதே வா. இல்லாவிட்டால் இனி இல்லை. அண்ணை போய்விட்டார். நடு ஆற்றில் போகும்போதுதான் கையில் நூற்பந்து இருப்பதைப் பார்த்தாராம். கனடாவுக்கென்று வெளிக்கிட்டவரைக் கடைசியில் லண்டனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"அகதிக் கேஸில நான் நேர இங்க வந்ததெண்டு எழுதிக் குடுத்தது. அப்பிடித்தான் சொல்லச் சொன்னவங்கள். அந்தப் பதினொரு மாசம் நான் உலகத்தில எங்கயும் இருக்கேல்ல" என்றார். பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அந்த ஊரின் பெயரை வாயால் சொன்னால் பாஸ்போர்ட்டைப் பறித்துவிடுவார்கள் என்று மனிதர் இருபத்தைந்து வருஷம் பெயர் மறந்த ஆளாக இருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கடிதம் போடவில்லையா என்று சத்தம் போட்டேன். மிதக்கிற வீட்டுக்கு என்ன நம்பர், யாருக்குப் போடுகிறது என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த ரெண்டு பேருக்குமெண்டு நான் வைக்கிற பொதிக்குப் பக்கத்தில திரேசக்கா மகனுக்கெண்டு கொண்டுவந்து வைக்கிறா. எனக்குப் பாக்கேலாமல் கிடக்கு தங்கச்சி. அங்க ஒரு வீட்டில நான்தான் காணாமல் போன ஆள்."

 கடைக்குப் போனால் ஏன் மூன்று போன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அறிந்த ஒரு சொலிசிட்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பயப்பட ஒன்றும் இருப்பதாகத் தனக்குப் படவில்லை என்றார். வந்து அண்ணையிடம் சொன்னேன். முதலில் மனைவிக்குச் சொல்லுங்கோ, பிறகு போய் உங்கள் முகத்தைக் காட்டிவிட்டு வாங்கோ என்றேன். அவர் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் குசினியில் வந்து இருந்தா. கொடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டா.

"இருவது வருசமா அந்தப் போன் எனக்கெண்டு நினைச்சன் ரீச்சர்" என்றா.

அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுது முடித்துவிட்டு அவவே, நூல் வாங்கப் போன பெடியன் வரவில்லை என்றால் அந்த மனுசி எத்தனை நாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பா என்றா. அடுத்த ஆனிக்கு அவவேதான் பெட்டி அடுக்கினா. மேலே ஒரு புது நூற்பந்தையும் வைத்தா.

மூன்று விமானம் மாறி அண்ணை போனார். லீமாவில் இறங்கியதும் "வந்திட்டன்" என்று ஒரு போன். அடுத்த விமானத்துக்குப் போகுமுன் "வெளிக்கிட்டிட்டன்" என்று ஒரு போன். பிறகு ஒன்றும் இல்லை. அந்த வருஷத் திருநாளுக்குப் பங்கு மண்டபத்தில் பொதிகளை நானும் அவர் மனைவியும் கட்டினோம். அன்று முழுக்க அவ போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தா. மேசையில் வைத்துவிட்டு ஓம், ஓம் என்று சொன்ன அந்த மனுசிதான். ஆறாம் நாள்தான் "திரும்பி வாறன்" என்று மூன்றாவது போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியில் இருந்தா.

இப்போது அண்ணை இல்லை. இரண்டு மாரிக்கு முன் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். அவர் கட்டிய நூல் எங்கள் வேலிக் கதவில் இன்னும் இருக்கிறது. அவிழ்க்க மனமில்லை. அவர் மனைவி கடைக்குப் போனால் இப்போது எனக்குப் போன் எடுக்கிறா. "முடக்கில நிக்கிறன் ரீச்சர்" என்பா. எங்கள் தெருவில் அந்த மனிதர் தூறலுக்குள் நிற்கமாட்டாரா என்று எனக்கு எத்தனையோ பின்னேரம் ஏக்கமாக இருக்கும். என் கணவர் பிந்தி வரும் நாட்களில் இப்போது கேற்றடியில் போய் நிற்பது நான்.

பெருவிலிருந்து அவர் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு மண்டபத்தில் எழுந்து நின்று, இது பேசாலை வழக்கமில்லை, பெரு நாட்டு வழக்கம் என்று எல்லாருக்கும் நடந்ததைச் சொன்னார். என் கட்டுரை பிழை என்று நானும் எழுந்து சொன்னேன். சனம் கேட்டுக்கொண்டது. ஆனால் வழக்கம் யாருடையது என்று ஒருவரும் கவலைப்படவில்லை. பொதியை விடப்போவதாகவும் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் திரேசக்கா அண்ணையின் வீட்டுக்கு வந்தா. எழுபது தாண்டியவ. இரண்டு பஸ் மாறி வந்திருந்தா. நானும் அங்கே இருந்தேன். கதிரையில் இருக்கக்கூட இல்லை, என்ன நடந்தது, ஒன்றும் விடாமல் சொல்லு என்றா.

அண்ணை சொன்னார். பழைய ஓட்டோக்காரர்களை விசாரித்து விசாரித்துத் தேடியிருக்கிறார். அந்த ஓட்டோக்காரர் செத்துப் பல வருஷமாம். மனுசி அதே சந்தையில், அதே படிக்கட்டின் அடியில், மீன் பொரித்துக்கொண்டு இருந்தாவாம். தலை நரைத்துவிட்டது. இவர் போய் முன்னால் நின்று நூற்பந்தை நீட்டினார். அவ நூலைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா. அடுப்பைக் குறைத்தா. எழும்பி வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டா. நூல் வாங்க இவ்வளவு நேரமோ என்று கேட்டா. பிறகு சந்தையே பார்க்க இவரைக் கட்டிக்கொண்டு குழறினா.

"உனக்கெண்டு பொதி கட்டி வைச்சவவோ?" திரேசக்கா கேட்டா.

அண்ணை என்னைப் பார்த்தார். ஓம் என்று சொல்லுங்கோ, ஒவ்வொரு வருஷமும் என்று சொல்லுங்கோ என்று நான் கண்ணால் கெஞ்சினேன். ஒரு பொய் சொல்லத் தெரியாதா இந்த மனிதருக்கு? அரசாங்கத்துக்கே சொன்னவர்தானே.

"ஏழு வருசம் கட்டினவவாம் அக்கா. பிறகு விட்டிட்டா."

அவர் மனைவி குசினி வாசலில் அப்படியே நின்றா. திரேசக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நிலத்தைப் பார்த்தா. நான் அண்ணையைக் கொன்றிருப்பேன்.

"ஆனா அண்டைக்குச் சோறு போட்டவ அக்கா. கேக்காமலே ரெண்டு ஒலிவ் வைச்சவ."

திரேசக்கா கிட்டப் போனா. அண்ணையின் முகத்தைத் தாடையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று பார்த்தா. அடையாளம் ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"நொந்ததோ?"

"ஓம் அக்கா. நல்லா நொந்தது."

"நோகத்தான் வேணும்" என்றா திரேசக்கா. "அவன் வரட்டும். நானும் அடிப்பன்."

பிறகு கைப்பையைத் திறந்து, அடுத்த வருஷத்துக்குச் சிவப்பு நூல் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டா. அண்ணை அளக்காமல் முழுப் பந்தையும் கொடுத்தார்.